அத்தாவை எங்கே கூட்டிப் போவது?

நம் பள்ளிக்கூட குரூப்பில் பார்த்தேன். ஊட்டிக்கு வேன் பேசியாகிவிட்டது, எல்லோரும் குடும்பத்தோடு வருகிறீர்கள், நான் ஒருத்திதான் பதிலே போடவில்லை, பெரிய மனுஷி ஆகிவிட்டேன் என்று ஒருத்தி எழுதியிருக்கிறாள். பெரிய மனுஷிதான். முப்பது வயசுக்கே காதோரம் நரைத்ததை மருதாணி வைத்து மறைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்களும் மறைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது உங்கள் போட்டோக்களைப் பார்த்தாலே தெரிகிறது. நம் செட்டுக்கு வயசாகிவிட்டது, யாரும் ஒத்துக்கொள்ளத்தான் மாட்டேன் என்கிறீர்கள்.

ஊட்டி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அந்த ஊரை நான் பார்த்ததே கிடையாது. ஒரு தடவை போக இருந்தோம். சுனாமி அலை வந்துபோனதற்கு அடுத்த வருஷமும் கழிந்து, நாம் ஐந்தாவது முழுப் பரீட்சை எழுதிய கோடை அது. அந்தக் கோடையைப் பற்றி உங்களிடம் நான் சொன்னதே இல்லை. யார் கேட்டீர்கள், சொல்வதற்கு!

கேள்வி டீச்சரை ஞாபகம் இருக்கிறதா? அலைக்குப் பிறகு நம் பள்ளிக்கூடத்துக்கு யார் யாரோ வந்தார்கள். பந்து கொடுத்தார்கள், பை கொடுத்தார்கள், வட்டமாக உட்காரவைத்துப் பாட்டுப் பாடச் சொன்னார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் அந்த டீச்சர். சின்னப் பெண், ஸ்கூட்டியில் வருவார், தலையில் பூ வைக்கமாட்டார். எதைச் சொல்லிக்கொடுத்தாலும் பதிலை எழுதிப் போடாமல் நம்மையே கேள்வி கேட்கவைப்பார். லீவு விடுகிற அன்று நமக்கு ஒரு வேலை கொடுத்தார். வீட்டோடு ஒரு சுற்றுலா போகத் திட்டம் போடவேண்டும். ஆனால் ஊரை முதலில் முடிவு பண்ணக்கூடாது. கேள்வியிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். எதற்குப் போகிறோம், யார் யார், அவர்களுக்கு என்ன வேண்டும். யாருக்காகப் போகிறோமோ அவரையே கேட்கவேண்டும். பதிலை உள்ளே வைத்துக் கேட்டால் அது கேள்வியே இல்லை என்றார். நீங்கள் எல்லோரும் வாசலைத் தாண்டுவதற்குள் மகாபலிபுரம் என்று முடிவு பண்ணிவிட்டீர்கள். எனக்கு மட்டும் அது நெஞ்சில் ஒட்டிக்கொண்டது.

ஒட்டிக்கொள்ளக் காரணம் இருந்தது. எங்கள் வீட்டில் கேள்வி என்பதே கிடையாது. கூனிமேட்டில் எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆம்பிளைகள் வெளிநாட்டில். அந்த வீடுகளில் கிரில் கதவு பூட்டியே இருக்கும். உள்ளே அம்மாவும் நானும்தான். அம்மா பேசமாட்டார். கோபம் என்று இல்லை, வழக்கமே அப்படித்தான். சோறு வேண்டுமா என்பதற்கும் முகவாயைத்தான் ஆட்டுவார். எனக்கு அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி யாரும் இல்லை. அலைக்கு அப்புறம் கடல் பக்கம் விடவே மாட்டார். கிரைண்டர் ஓடும்போது அதன் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் பேசுவேன். அந்தச் சத்தத்தில் நான் பேசுவது யாருக்கும் கேட்காது. பைத்தியம் என்று சொல்லமாட்டார்கள். நீங்கள் இப்போது சொல்வீர்கள், சொல்லிக்கொள்ளுங்கள்.

அத்தா சவூதியில் இருந்தார். நான் வயிற்றில் இருக்கும்போது போனவர். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். மற்றபடி எனக்கு அத்தா என்றால் வெள்ளிக்கிழமை போன்தான். சாயங்காலம் அசர் தொழுகை முடிந்த நேரத்துக்கு மணி அடிக்கும். அம்மா முதலில் பேசுவார். "நல்லா இருக்கீங்களா, சாப்ட்டீங்களா, வெயில் ஜாஸ்தியா?" இந்த மூன்றும்தான், வாராவாரம் இதே வரிசையில். அந்தப் பக்கம் ஆமா என்று சொல்வது வெளியே எனக்கே கேட்கும். அப்புறம் என்னிடம் கொடுப்பார். நான் நல்லா இருக்கேன் என்பேன். நான் சொன்னது அங்கே போய்ச் சேர்வதற்குள் அவர் பேச ஆரம்பித்திருப்பார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்திவிடுவோம். அதற்குள் அவருடைய போன் கார்டு முடிந்துவிடும்.

அந்தக் கோடையில் அத்தா வரப்போகிறார் என்று முடிவாகியிருந்தது. டீச்சர் கொடுத்த வேலையும் இதுவும் ஒன்றாக வந்து விழுந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் நான் திட்டம் போட்டது டீச்சருக்காக இல்லை. அத்தா வந்தால் எங்களோடு இருப்பதே இல்லை. போன லீவில் கல்யாணம், காதுகுத்து, ஊரெல்லாம் விருந்து, வீட்டுக்கு மாடிப்படி கட்டுகிற வேலை என்று நாள் போனதே தெரியவில்லை. ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது என் பெயரைச் சொல்லி அணைத்தாரே, அந்த ஒரு தடவைதான் அவர் உடம்பு வாசனையே எனக்குத் தெரிந்தது. இந்தத் தடவை எங்கேயாவது கூட்டிப் போய்விட்டால் மூன்று பேர் மட்டும் இருப்போம். அவர் யார் என்று எனக்குத் தெரிந்துவிடும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

முதலில் அம்மாவிடம் போனேன். எதுக்கும்மா நாம டூர் போகணும் என்று கேட்டேன். முகவாயை ஆட்டிவிடுவார் என்று நினைத்தேன். அரிசி களைந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு, கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரோட எங்கயும் போனதில்ல என்றார். அவ்வளவு நீளமாக அம்மா என்னிடம் பேசியதே இல்லை. அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமும் அழுகையும் சேர்ந்து வந்தது. சந்தோஷத்தை மட்டும் காட்டிக்கொண்டேன்.

எங்கே போவது என்பதற்கு ஊரே பதில் வைத்திருந்தது. கோட்டக்குப்பத்து மாமுதான் முதலில் சொன்னார். அம்மாவின் அண்ணன், அத்தாவை வெளிநாட்டுக்கு அனுப்பிவைத்தவரே அவர்தான், அதனால் எங்கள் வீட்டில் எதுவானாலும் கடைசி வார்த்தை அவருடையது. "அந்த மனுஷன் ரெண்டு வருஷமா பாலைவன வெயில்ல வெந்துட்டு வர்றாரு. ஜில்லுன்னு ஒரு ஊருக்குக் கூட்டிட்டுப் போங்க, உடம்பு குளிரட்டும். ஊட்டி போங்க, நான் டிக்கெட் போட்டுத் தர்றேன்" என்றார். டெய்லரைக் கேட்டேன், துபாயில் இருந்து வந்தவர், அந்த வெயிலைப் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டு ஊட்டி என்றார். மரக்காணத்தில் உப்பளத்துக்குக் கூலி வேலைக்குப் போகிற பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டேன். இங்க அடிக்கிற வெயிலுக்கே எங்களுக்குக் கண்ணு அவிஞ்சிபோவுது, அங்க உங்க அத்தா இன்னா பாடுபடுவாரோ, நல்லா குளிரா பாத்துக் கூட்டிப்போ என்றார். கேட்ட எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்.

ஒரே பதில் வந்தால் சரியான பதிலாகத்தானே இருக்கவேண்டும்? அப்படித்தான் நினைத்தேன். இருந்தாலும் போகிறவரைக் கேட்கவேண்டும் என்பது டீச்சர் கணக்கு. அந்த வெள்ளிக்கிழமை போனை வாங்கியதும் மூச்சுவிடாமல், அத்தா, வெயிலுக்கு ஜில்லுன்னு ஊட்டி போலாமா என்று கேட்டுவிட்டேன். அந்தப் பக்கம் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, நீங்க எங்க சொன்னாலும் சரிம்மா என்றார். திட்டம் முடிந்துவிட்டது என்று குதித்தேன். கேட்டது கேள்வியே இல்லை என்பது பத்து வயசில் எப்படித் தெரியும்?

அத்தா வந்தார். பெட்டியைத் திறந்ததும் வீடு முழுக்க சோப்பு வாசனை. பால்பவுடர், கோடாலித் தைலம், புலி படம் போட்ட தடிமனான கம்பளி. மே மாசத்தில் கம்பளி! தெருவே வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனது. அத்தா மெலிந்திருந்தார், ஆனால் கறுக்கவில்லை. கறுக்காமல் வந்திருக்கிறாரே என்று டெய்லர் ஆச்சரியப்பட்டார். ஆபீஸ் வேலைக்கு மாத்திட்டாங்கபோல என்று மாமு பெருமையாகச் சொல்லிக்கொண்டார். அத்தா சிரித்துக்கொண்டு சும்மா இருந்தார்.

இரண்டாம் நாளிலிருந்து விநோதங்கள் ஆரம்பித்தன. மத்தியான வேளையில், எல்லோருக்கும் வேர்த்து வழியும்போது எழுந்துபோய் ஃபேனை நிறுத்திவிடுவார். அம்மா போடுவார், அத்தா நிறுத்துவார். கரண்டு பில்லுக்குப் பயந்து சிக்கனம் பிடிக்கிறார் என்று அம்மா நினைத்துக்கொண்டார். சட்டையைக் கழற்றும்போது பட்டனைக் கழற்றாமல் தலைவழியாக இழுத்துக் கழற்றுவார். மாட்டுவதும் அப்படித்தான். அந்த ஊர்ப் பழக்கம் என்று மாமு விளக்கம் சொன்னார். சாப்பிட்டதும் மொட்டை மாடிக்குப் போய்விடுவார். செருப்பில்லாமல், பழுக்கக் காய்ந்த சிமெண்டுத் தரையில், உச்சி வெயிலில்! தன்னோடு இருக்கப் பிடிக்காமல்தான் மேலே போகிறார் என்று அம்மா முடிவுகட்டிவிட்டார். அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒரு நாள் குழம்பைக் கிளறிக்கொண்டே தனக்குத்தானே முணுமுணுத்ததை நான் கேட்டேன். வீட்டில் மூன்று பேர் இருந்தோம். இரண்டு பேராக இருந்தபோது இருந்ததைவிட வீடு அமைதியாக இருந்தது.

ஊட்டி ஒன்றுதான் அம்மாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. மாமு டிக்கெட் போட்டுவிட்டார். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பாண்டிக்குப் போய் ஸ்வெட்டர் தேடினார். மே மாசத்தில் பாண்டியில் ஸ்வெட்டர் கேட்டால் கடைக்காரன் சிரிக்கமாட்டானா? நாலைந்து கடை ஏறி இறங்கி, கடைசியில் ஒரு கடையில் பரணிலிருந்து எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தான். எனக்கு மஞ்சள், அம்மாவுக்கு மெரூன், அத்தாவுக்கு முன்பக்கம் பட்டன் வைத்த சாம்பல் கலர். பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மா அந்தப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார். பொம்மையார்பாளையம் தாண்டும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சிரித்தார். என்னம்மா என்றதற்கு ஒன்றுமில்லை என்று முகவாயை ஆட்டினார்.

மறுநாள் மத்தியானம் அத்தாவைத் தேடி மாடிக்குப் போனேன். வெயிலில் கால் வைக்க முடியவில்லை, தண்ணீர்த் தொட்டி நிழலிலேயே நின்றுவிட்டேன். அத்தா கைப்பிடிச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். இரண்டு உள்ளங்கையையும் தரையில் அப்பளம் காயவைக்கிற மாதிரி விரித்து வைத்திருந்தார். கை சுடலையா என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். அதில் பதில் உள்ளே இருக்கிறதே என்று எப்படியோ தோன்றியது. டீச்சர் சொன்னது அந்த நேரத்தில் வந்து நின்றது என்றால் நம்புவீர்களா?

"அத்தா, அங்க ஒரு நாளைக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க, காலையில இருந்து?" என்றேன்.

தரையிலிருந்து கையை எடுக்காமலே என் பக்கம் திரும்பினார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். மீனும் கோழியும் வைக்கிற குளிர் கிடங்கு. கப்பலில் வருகிற பெட்டியை உள்ளே அடுக்கவேண்டும், லாரிக்கு எடுத்துக் கொடுக்கவேண்டும். கனமான கோட்டு, பூட்ஸ், கையுறை, எல்லாம் போட்டாலும் கொஞ்ச நேரத்தில் மூச்சே குத்தும். விடியுமுன் உள்ளே போனால் வெளியே வரும்போது இருட்டியிருக்கும். வெள்ளிக்கிழமை மட்டும்தான் சூரியனைப் பார்ப்பார். இரண்டு கையிலும் விரல் நுனி மரத்துப்போய்விட்டது, சூடு படுகிறதா இல்லையா என்பதே தெரிவதில்லை என்றார். சொல்லிவிட்டு விரலைத் தூக்கிக் காட்டினார். நுனியெல்லாம் வெளுத்து, தோல் மெழுகுபோல இருந்தது. தொட்டுப் பார்த்தேன். நான் தொட்டது அவருக்குத் தெரியவில்லை. நான் எந்த விரலைத் தொட்டிருக்கிறேன் என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சவூதியில குளிருதுன்னு சொன்னா யாரும்மா நம்புவாங்க? சிரிப்பாங்க. உங்க அம்மா வாராவாரம் வெயில் ஜாஸ்தியான்னு கேக்கும். ஆமான்னு சொல்லிட்டேன். ஒரு வாட்டி சொன்னதுக்கு அப்புறம் மாத்தி எப்படிச் சொல்றது, அப்படியே விட்டுட்டேன். நீ அம்மாகிட்ட சொல்லாத. ஊட்டி போறோம்னு அது எவ்ளோ ஆசையா இருக்குது பாரு."

நான் தலையாட்டினேன். அன்றைக்குக் கீழே இறங்கி வந்தபோது எனக்கிருந்த தனிமையைப்போல அதற்கு முன்னாலும் இருந்ததில்லை, பின்னாலும் இருந்ததில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒருவருக்காக ஒருவர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் நான். அம்மாவிடம் சொன்னால் அத்தா என்னை நம்பமாட்டார். சொல்லாவிட்டால் அந்த மரத்த கையோடு குளிருக்குள் போய் நிற்பார். அவர் யார் என்று தெரியவேண்டும் என்றுதானே கிடந்து தவித்தேன்! தெரிந்ததும் இப்படியா ஆகவேண்டும்?

சொல்லவில்லை. ஆனால் கேட்கலாம் அல்லவா? அம்மாவிடம் போய், ஊட்டியில போய் நீ இன்னாம்மா பண்ணணும் என்றேன். பூவைப் பார்க்கணும், படகு ஓட்டணும் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அம்மா யோசித்தார். ஊட்டியில போய் இன்னா பண்றது, ஒண்ணும் இல்ல என்றார். பஸ்ல நானும் அவரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து போவோம் இல்ல, அது போதும் என்றார். சொல்லிவிட்டு வெட்கப்பட்டார். என் அம்மா வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். இருவருக்குமே ஊட்டி வேண்டியிருக்கவில்லை. ஊர்தான் அந்தப் பதிலை வைத்திருந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் அம்மா ஸ்வெட்டரை எடுத்து வந்தார். அளவு பார்க்கணும், போட்டுக் காட்டுங்க என்றார். அத்தா எழுந்து நின்று கையை நுழைத்துக்கொண்டார். பட்டனைப் போடுங்க என்றார் அம்மா. அத்தா முதல் பட்டனைப் பிடித்தார். நழுவியது. மறுபடியும் பிடித்தார். ஓட்டை எங்கே, பட்டன் எங்கே என்று விரலுக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்துப் பார்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒண்ணாப்புப் பையன் யூனிபாரம் போடுகிற மாதிரி. அம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. இரண்டாவது பட்டனில் சிரிப்பு நின்றுபோனது.

அம்மா அவர் கையைப் பிடித்துத் திருப்பினார். நகக்கண்ணை அழுத்தினார். அத்தாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இன்னும் அழுத்தினார். அத்தா முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை.

"இன்னா வேலை பாக்குறீங்க அங்க?" என்று அம்மா கேட்டார். கல்யாணம் ஆகிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து.

அத்தா சொன்னார். சாம்பல் கலர் ஸ்வெட்டரோடு, மே மாச வெயிலில், வேர்க்காமல் நின்றுகொண்டு சொன்னார். அம்மா கேட்டுக்கொண்டே ஒவ்வொரு பட்டனாகத் தானே கழற்றினார். முடிந்ததும், நீங்க எங்க போகணும் சொல்லுங்க என்றார். அத்தா கூச்சப்பட்டுக்கொண்டு, வெயிலில் உட்காரணும், தனியா இல்லாம உட்காரணும் என்றார். அம்மா அழுதார். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் பாரம் இறங்கிவிட்டது, அந்த அழுகை நன்றாக இருந்தது.

ஊட்டி நின்றுபோனதும் மாமு ஆடித் தீர்த்துவிட்டார். புருஷனும் பொண்டாட்டியும் சண்டை போட்டுக்கொண்டார்கள் என்று தெருவே பேசியது. சமாதானம் பேச டெய்லர் வேறு வந்தார், பாவம், ஒரு டம்ளர் பாலைக் குடித்துவிட்டு ஒன்றும் புரியாமல் போனார். நாங்கள் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. எங்கள் மூன்று பேருக்கும் சேர்ந்து ஒரு ரகசியம் இருந்தது எனக்குப் பெருமையாக இருந்தது. அதற்கு முன் எங்கள் மூன்று பேருக்கும் சேர்ந்து என்று எதுவுமே இருந்ததில்லை.

ஊட்டிக்குப் போகவேண்டிய நாளில் கூனிமேட்டிலிருந்து மரக்காணம் போகிற டவுன் பஸ்ஸில் ஏறினோம். திட்டம் என்னுடையதுதான். அம்மாவுக்கு பஸ், அத்தாவுக்கு வெயில், இரண்டும் ஒரே பாதையில் கிடைத்தால் வேறென்ன வேண்டும்? இரண்டு பேர் சீட்டில் அவர்களை உட்காரவைத்துவிட்டு நான் பின்சீட்டுக்குப் போய்விட்டேன். புளிசோறும் முட்டையும் தண்ணீர் கேனும் அம்மா மடியில். ஈசிஆர் ரோட்டில் பஸ் பறந்தது. காற்றில் அம்மாவின் முக்காடு நழுவி அத்தாவின் தோளில் விழுந்தது, அம்மா அதை எடுக்கவில்லை. அவர்கள் பேசிக்கொண்டார்களா என்று எனக்குக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்திருக்கக்கூடாதா மரக்காணம் என்று இருந்தது.

உப்பளத்துக்கு முன்னாலேயே இறங்கிக்கொண்டோம். பக்கத்து வீட்டு அக்கா வேலை செய்கிற இடம். எங்களைப் பார்த்ததும் தலைக்கூடையை இறக்கிவைத்துவிட்டு, ஊட்டிய விட்டுட்டு இங்க வந்து நிக்கிறீங்களே, உங்களுக்குக் கிறுக்கு பிடிச்சிக்கிச்சா என்று கேட்டார். அத்தா சிரித்தார். சும்மா பாக்கலாம்னு வந்தோம் என்றார். பாத்துட்டு சீக்கிரம் போயிடுங்க, இந்நேரத்துக்கு நாங்களே நிக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டு அக்கா உப்பைச் சுமந்துகொண்டு போனார். சிறு சிறு பாத்திகளில் உப்புநீர் காய்ந்துகொண்டிருந்தது. நீளமான பலகையால் பெண்கள் உப்பை வாரி வரப்போரம் ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. கீழேயிருந்தும் மேலேயிருந்தும் வெளிச்சம் அடித்தது, கண்ணைத் திறக்கவே முடியவில்லை.

வரப்பில் உட்கார்ந்தோம். அம்மாவும் நானும் குடைக்குள். அத்தா குடைக்கு வெளியே, சட்டையைத் தலைவழியாகக் கழற்றிவிட்டு, முதுகை வெயிலுக்குக் கொடுத்துக்கொண்டு. வேலைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கொட்டகைக்குப் போய்விட்டார்கள். தண்ணீர் இறைக்கிற எஞ்சின் சத்தமும் நின்றுபோனது. அத்தாவின் நெற்றியில் வேர்த்தது. வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவருக்கு வேர்த்தது. அம்மா அதைத் துடைக்கப் போனார். வேணாம், இருக்கட்டும் என்றார் அத்தா.

அவர் என்னிடம் நிறையப் பேசினார் அன்றைக்கு. எனக்கு என்ன பாடம் பிடிக்கும், யாரோடு விளையாடுவேன், இருட்டுக்குப் பயமா. ஒவ்வொன்றுக்கும் நான் சொல்லிமுடிக்கும்வரை காத்திருந்தார். நான் வயிற்றில் இருக்கும்போது அம்மா உப்பை அள்ளி அள்ளித் தின்பார் என்று அத்தா சொன்னார். அம்மா பொய் என்றார். மூன்று பேரும் சிரித்தோம். அந்த வெட்டவெளியில் நாங்கள் மூன்று பேர் மட்டும்தான் இருந்தோம். நான் ஆசைப்பட்டது அப்படியே கிடைத்திருந்தது. கிடைத்ததும் அடுத்த ஆசை வந்துவிட்டது.

"அத்தா, நீங்க திரும்பிப் போகலைன்னா இன்னா ஆகும்?"

பதிலை உள்ளே வைக்காமல்தான் கேட்டேன். எனக்கு நிஜமாகவே தெரியாது. அத்தா அம்மாவைப் பார்த்தார். அம்மா குனிந்துகொண்டு வரப்பிலிருந்த உப்பை விரலால் கீறிக்கொண்டிருந்தார்.

"தெரியலம்மா," என்றார் அத்தா. "அத யாரும் கேட்டதில்ல."

அம்மா தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"நானும் கேட்டதில்ல."

அக்கா கொட்டகையிலிருந்து கையை ஆட்டிக் கூப்பிட்டார். போய்ச் சாப்பிட்டோம், பஸ் ஏறினோம். அத்தா என்றைக்குப் போகவேண்டுமோ அன்றைக்குப் போனார். பள்ளிக்கூடம் திறந்தபோது கேள்வி டீச்சர் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தார், லீவில் கொடுத்த வேலையைச் செய்தாயா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

அத்தா அதே கிடங்குக்குத்தான் போனார். அப்புறமும் பல வருஷம். ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம்: மாமு சொன்னது ஒன்று, வீட்டுக்கு மேல்தளம் போட்டது ஒன்று, என் படிப்பு ஒன்று, என் கல்யாணம் ஒன்று. நிரந்தரமாக ஊருக்கு வந்துவிட்டார், என் நிக்காஹ் நடந்த அதே மாசத்தில். அவர் பெட்டியோடு உள்ளே வந்தார், நான் பெட்டியோடு வெளியே போனேன். நீங்கள் எல்லோரும் வந்து பிரியாணி சாப்பிட்டீர்களே, அந்த மாசம்தான்.

இப்போது அவரைப் பார்க்க நான்தான் லீவில் போகிறேன். மத்தியானமானால் மாடியில் உட்கார்ந்திருப்பார். நானும் பக்கத்தில் போய் உட்காருவேன். பேச நேரம் நிறைய இருக்கிறது, கார்டு முடிகிற கவலை இல்லை. அன்றைக்கு உப்பளத்தில் கேட்டதை இப்போது கேட்டால் அவருக்குப் பதில் தெரிந்திருக்கும். போகாமல் இருந்திருந்தால் ஒன்றும் கெட்டுப்போயிருக்காதும்மா என்று அவர் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் நான் கேட்பதில்லை.